நடுவுக்கு வந்த எஞ்சின்: எட்டாம் தலைமுறை கார்வெட்டின் தோற்றமும் பொறியியலும்

நீள்பானெட்:

அமெரிக்காவின் ஷெவர்லே நிறுவனம் செய்யும் கார்வெட் என்ற விளையாட்டுக் காரின் எட்டாம் தலைமுறை 2019 ஜூலை 18 அன்று கலிபோர்னியா மாநிலத்தின் டஸ்டின் நகரில் திரைவிலக்கப்பட்ட நாளிலிருந்து என்னை விடாமல் உறுத்தும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். 1953இல் தொடங்கி ஏழு தலைமுறைகளாக அந்தக் காரை ஒரே கோட்டில் வரைந்துவிடலாம்: முன்னால் நீண்டு கிடக்கும் பானெட், அதன் முடிவில் பின்சக்கரங்களை ஒட்டி ஒடுங்கிய இரண்டு இருக்கைகள், சட்டென்று முடிந்துவிடும் வால். சின்னத்தை மறைத்துவிட்டாலும், தொலைவில் வெறும் நிழலாகத் தெரிந்தாலும், அது கார்வெட் என்று சொல்லிவிட முடியும். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் கொண்டுசென்றதும் அந்தக் கோடு போய்விட்டது. இப்போது பக்கவாட்டில் பார்க்கும்போது இத்தாலிய நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் கார்களின் உறவுக்காரனாகத்தான் அது எனக்குத் தெரிகிறது.

வேகத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. என் குறை தோற்றத்தில், அதிலும் குறிப்பாகப் பின்புறத்தில். விளக்குகள், காற்றுத் துளைகள், மடிப்புகள், இரு மூலைகளிலும் இரண்டிரண்டாக அடுக்கிய புகைக்குழல்கள் என்று கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறுகிறது. போதாக்குறைக்கு, எஞ்சினை நடுவில் வைத்த மற்ற கார்களைவிட இதன் பின்பகுதி கனத்தும் நீண்டும் இருக்கிறது. இந்த வடிவத்தைப் பொறியியல் கேட்டதா, அல்லது பிறரைப் போலத் தோன்ற வேண்டும் என்ற ஆசை கேட்டதா? தோற்றத்தையும் பொறியியலையும் சேர்த்தே பேசுபவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பற்சக்கரம்:

எஞ்சின் இடம் மாறியதைப் பொறுத்தவரை, அதைக் கேட்டது பொறியியல்தான் என்று உறுதியாகச் சொல்வேன். ஏழாம் தலைமுறையின் கடைசியில் வந்த 2019ஆம் ஆண்டு இசட்ஆர்1 காரை நினைத்துப் பாருங்கள். 755 குதிரைத்திறன் கொண்ட அதன் எஞ்சின் மேல், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் சூப்பர்சார்ஜர் அமர்ந்திருந்ததால், எஞ்சின் மூடி பானெட்டில் ஒரு துளை வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. அவ்வளவு திறனிருந்தும், நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட அதற்கு 2.85 வினாடி ஆகும் என்று நிறுவனமே அறிவித்தது. எட்டாம் தலைமுறையின் அடிப்படை ஸ்டிங்ரே காரில் 490 குதிரைத்திறன்தான். செயல்திறனைக் கூட்டும் இசட்51 என்ற கூடுதல் தொகுப்புடன் வாங்கினால் 495. அது அதே வேகத்தை 2.9 வினாடியில் எட்டுகிறது. 260 குதிரைத்திறன் குறைவாக இருந்தும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றால், பழைய அமைப்பில் அத்தனை திறனும் எங்கே வீணாயிற்று என்று கேட்க வேண்டும். பின் டயர்கள் தரையைப் பற்ற முடியாமல் சுழன்றதில்தான் வீணாயிற்று. முன் எஞ்சின் காரில் எடை இரு அச்சுகளுக்கும் ஏறத்தாழப் பாதிப்பாதியாகப் பிரிந்திருந்தது. இப்போது நூற்றுக்கு 60 பங்கு பின்சக்கரங்களின் மேல் நிற்கிறது. முடுக்கும்போது எடை பின்னோக்கிச் சாய்வதும் அதனுடன் சேர்ந்துகொள்ள, திறன் போகும் இடத்திலேயே பிடிமானமும் கிடைக்கிறது.

இது பிறரைப் பார்த்து வந்த ஆசை என்பதையும் நான் ஏற்கவில்லை. கார்வெட்டின் தந்தை என்று கொண்டாடப்படும் பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ், எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த செர்வ் 1 என்ற சோதனை வண்டியை 1960இலேயே உருவாக்கிவிட்டார். எக்ஸ்பி-882 என்ற நடு எஞ்சின் மாதிரி 1970இல் நியூயார்க் கார் கண்காட்சியில் வைக்கப்பட்டது. உள்ளேயே அறுபதாண்டுகளாகக் காத்திருந்த திட்டம் இது.

வரைபலகை:

பற்சக்கரம் சொன்னது எஞ்சின் ஏன் நடுவுக்கு வந்தது என்பதற்கு விடை. நீள்பானெட் கேட்டதோ வடிவம் ஏன் இப்படி ஆயிற்று என்பது. இரண்டும் நெருங்கியவை என்றாலும் ஒன்றல்ல, ஏனென்றால் எஞ்சினை நடுவில் வைத்துவிட்டு இதைவிடக் குட்டையான வாலுடன் ஒரு காரை வரைய முடியும், பலர் வரைந்திருக்கிறார்கள்.

கார்வெட்டின் பின்பகுதி நீண்டதற்குக் காரணம் அதன் டிக்கி. கழற்றி எடுக்கக்கூடிய கூரைப் பலகையை வைக்க இடம் வேண்டும், இரண்டு கோல்ஃப் பைகள் கொள்ள வேண்டும் என்பவை இந்தக் கார் விட்டுக்கொடுக்காத நிபந்தனைகள். எஞ்சினுக்குப் பின்னால் கியர்பெட்டி, அதைச் சூழ்ந்து புகைக்குழல் அமைப்பு, அவற்றின் பின்னால் அந்த டிக்கி என்று வரிசையாக அடுக்கினால் வால் நீளாமல் வேறு வழியில்லை. முன்னாலும் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 12.6 கன அடி, அதாவது ஏறத்தாழ 357 லிட்டர். இத்தாலிய உறவுக்காரர்கள் பலரிடம் இந்த வசதி கிடையாது. ஆகவே நீங்கள் இத்தாலியச் சாயல் என்று குறை சொல்லும் அதே காரில், உங்கள் கண்ணை உறுத்தும் அந்தக் கனத்த வால்தான் மிகவும் கார்வெட் தன்மையுள்ள பகுதி என்பது என் வாதம். நாள்தோறும் ஓட்டவும், நெடுந்தூரம் போகவும், சாமான் ஏற்றவும் கூடிய விளையாட்டுக் கார் என்பதுதானே அதன் அடையாளம்?

பக்கவாட்டில் கதவுக்குப் பின்னால் இருக்கும் பெரிய காற்றுவழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கார்வெட்டுகளின் முன்சக்கரத்தை மூடும் ஃபெண்டரில் இருந்த துளைகள் பெரும்பாலும் எஞ்சின் வெப்பத்தை வெளியேற்ற உதவின. இப்போது எஞ்சினுக்கு மூச்சுக்காற்று, கூடுதல் குளிர்விப்பான்களுக்குக் காற்று எல்லாம் அந்தப் பக்கவாட்டு வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் காற்றுவழியின் வளைந்த விளிம்புக்குள்ளேயே கதவைத் திறக்கும் பிடியையும் மறைத்துவிட்டார்கள். கதவில் தனியாக ஒரு பிடி துருத்திக்கொண்டிருக்காததால் பக்கவாட்டுத் தோற்றம் தூய்மையாக நிற்கிறது. இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு அது.

பின்விளக்குகளைப் பற்றி நீள்பானெட் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2014ஆம் ஆண்டு மாதிரியாக ஏழாம் தலைமுறை வந்தபோது, வட்ட விளக்குகளைக் கைவிட்டு மூலைகள் கூரான விளக்குகளைப் பொருத்தியதற்காக இதே வருத்தத்தை அன்பர்கள் எவ்வளவு உரக்கச் சொன்னார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இன்று அதே ஏழாம் தலைமுறையைத்தான் நாம் பழைய அழகு என்று போற்றுகிறோம்.

மூன்றாம்பெடல்:

தோற்றத்தைப் பற்றி நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய இழப்பு உள்ளே இருக்கிறது. ஏழாம் தலைமுறையில் ஏழு கியர் கொண்ட மேனுவல் பெட்டி இருந்தது. எட்டாம் தலைமுறையில் எந்த வகையிலும், எந்த விலையிலும் க்ளட்ச் பெடல் கிடையாது. ட்ரெமெக் நிறுவனம் செய்த, கியரைத் தானே மாற்றும் எட்டு கியர் இரட்டை க்ளட்ச் பெட்டி மட்டும்தான். அது எந்த மனிதக் கையையும்விட விரைவாகக் கியர் மாற்றும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு திருப்பத்துக்கு முன் பிரேக்கை மிதித்தபடியே குதிகாலால் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, எஞ்சின் சுற்று சரியாகப் பொருந்தும் நொடியில் கியரை இறக்கும்போது கிடைக்கும் நிறைவை அது தராது. அந்தக் காரை ஓட்டுவதற்கு மனிதன் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகப் பத்தில் சில பங்கு வினாடியைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பண்டமாற்று வேண்டாம். கார்வெட் என்ற பெயருக்கே அது பொருந்தவில்லை என்று நினைக்கிறேன்.

பற்சக்கரம்:

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. நானும் மூன்று பெடல் காரில் பழகியவன்தான். ஆனால் பெயருக்குப் பொருந்தவில்லை என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. 1953ஆம் ஆண்டு கட்டப்பட்ட முதல் 300 கார்வெட்டுகளிலும் பவர்கிளைடு என்ற இரண்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிதான் இருந்தது. 1982ஆம் ஆண்டு மாதிரியும் ஆட்டோமேட்டிக்காக மட்டுமே விற்கப்பட்டது. வரலாற்றைச் சான்றாக அழைத்தால் அது இரு பக்கமும் பேசும்.

மேனுவல் பெட்டி இல்லாததற்கு அமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் காரின் சேஸிக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, முதுகெலும்பு போல இருப்பது இரு இருக்கைகளுக்கும் நடுவே செல்லும் மூடிய சுரங்கக் குழாய். கதவு வாசலில் உயரமான விட்டங்களை வைக்காமல், முறுக்கத்தைத் தாங்கும் வேலையின் பெரும்பங்கை அந்த நடுக்குழாயிடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் கூரையைக் கழற்றினாலும் கார் தளரவில்லை. ஏறி இறங்குவதும் எளிதாக இருக்கிறது. கியர் மாற்றும் கம்பியை அங்கே கொண்டுவர அந்த முதுகெலும்பிலேயே துளையிட வேண்டும். தவிர, ஓட்டுநரின் இருக்கை பழைய காரைவிட ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் முன்னே வந்துவிட்டது. கால்கள் முன்சக்கர வளைவுக்கு மிக அருகில் இருப்பதால், மூன்றாவது பெடலுக்கு இடம் ஒதுக்குவதும் இழுபறிதான். குறைந்த எண்ணிக்கையில் விற்கும் ஒரு பெட்டியை எந்தத் தயாரிப்பாளரும் செய்துதர முன்வரவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது.

அந்த முதுகெலும்பின் பயனை 2023 ஜனவரி 17 அன்று வந்த ஈ-ரே என்ற வகையின் அறிவிப்பில் பார்த்தோம். முதல் கார்வெட் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் காட்டப்பட்டு அன்றோடு 70 ஆண்டுகள். ஈ-ரேயில் பின்சக்கரங்களை எஞ்சினும் முன்சக்கரங்களை 160 குதிரைத்திறன் மின்மோட்டாரும் ஓட்டுகின்றன, அதற்கான 1.9 கிலோவாட்-மணி மின்கலத் தொகுதி அதே நடுக்குழாய்க்குள் அடங்கியிருக்கிறது. மொத்தம் 655 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் விசை. முதல் நாளே இதை எண்ணித்தான் அந்தக் குழாயை அகலமாக வைத்திருப்பார்கள் என்பது என் கருத்து.

தோற்றத்தோடு நேரடித் தொடர்புள்ள இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1963 முதல் பின்பக்கத்திலும், 1984 முதல் முன்பக்கத்திலும் குறுக்குவாட்டு இலைவில், அதாவது இரு சக்கரங்களுக்கும் குறுக்கே கிடக்கும் பட்டை வில், இருந்தது. இதில் அதை விட்டுவிட்டு நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில் கொடுத்தார்கள். ஆனால் வால்வுகளைத் தள்ளுகோல்களால் இயக்கும் பழைய வகை 6.2 லிட்டர் வி8 எஞ்சினைக் கைவிடவில்லை. பலர் அதைப் பழம்பாணி என்று இகழ்ந்தார்கள். வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் எஞ்சினின் பள்ளத்துக்குள்ளேயே இருப்பதால் அதன் தலைப்பகுதி சிறியது, உயரமும் குறைவு. எண்ணெயை எஞ்சினுக்கு அடியில் தேக்காமல் தனித் தொட்டியில் வைக்கும் உலர் எண்ணெய்த் தொட்டி முறையை அடிப்படைக் காரிலேயே கொடுத்ததால், பழைய காரைவிட எஞ்சினை ஓர் அங்குலம் கீழே இறக்கவும் முடிந்தது. பின் கண்ணாடி வழியாக ஓட்டுநருக்கு இன்று தெரியும் அளவு சாலையாவது தெரிகிறதென்றால், அதற்கு அந்தப் பழம்பாணி எஞ்சினுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நீள்பானெட்:

வரைபலகை அவர்களின் டிக்கி விளக்கம் என்னை நிறையவே யோசிக்க வைத்தது. வால் நீண்டதற்கு ஒரு பயன் இருக்கிறது என்று தெரிந்தபின் அதைப் பார்க்கும் கண்ணும் மாறத்தான் செய்கிறது. 755 குதிரைத்திறன் ஒப்பீட்டுக்கும் என்னிடம் மறுமொழி இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் பயன் என்ற ஒரே சொல்லால் மூடிவிட முடியாது. மூலைப் புகைக்குழல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் தலைமுறையில் நான்கு குழல்களும் நடுவில் ஒன்றாகச் சேர்ந்து, பின்புறத்துக்கு ஒரு மையத்தைக் கொடுத்தன. எட்டாம் தலைமுறை ஸ்டிங்ரேயில் அவற்றைப் பிரித்து மூலைக்கு அனுப்பினார்கள். பிறகு வந்த, திறன் கூடிய வகையான இசட்06 காரில் அவை மீண்டும் நடுவுக்கே வந்துவிட்டன. அதே சேஸி, அதே டிக்கி. ஆகவே நடுவில் வைப்பது இயலாத காரியம் அல்ல. இசட்06 காரின் பின்புறத்தைப் பார்க்கும்போது என் கண் தடுமாறுவதில்லை. அது 9 சென்டிமீட்டருக்கும் மேல் அகலம் கூடியது, பின்னால் 345 மில்லிமீட்டர் அகல டயர்கள் அமர்ந்திருக்கின்றன, பக்கவாட்டுக் காற்றுவழியும் பெரியது. முதல் வரைபடம் இந்த அகலத்துக்காகத்தான் போடப்பட்டதோ, ஸ்டிங்ரே அதன் சுருக்கிய படியோ என்றுகூடத் தோன்றுகிறது. அடிப்படைக் காரில் மடிப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வரைபலகை:

இந்தக் கருத்தில் நான் உங்களோடு முழுமையாக நிற்கிறேன். இந்தத் தலைமுறையின் பந்தயக் காரான சி8.ஆர் 2020 ஜனவரியில் டேட்டோனா பந்தயத்தில் களமிறங்கியபோதே, அகலமான உடலும் 5.5 லிட்டர் எஞ்சினும் அதில் இருந்தன. இசட்06 அதே வழியில் வந்தது: தட்டையான க்ராங்க் தண்டு, நிமிடத்துக்கு 8,600 சுற்று வரை ஓடும் எஞ்சின், டர்போ எதுவும் இல்லாமல் 670 குதிரைத்திறன். ஸ்டிங்ரேயின் அடித்தொண்டை முழக்கத்துக்கும் இதன் கூரான ஓலத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஒலியைப் பொறுத்தவரை, இத்தாலியச் சாயல் என்ற உங்கள் குற்றச்சாட்டு இசட்06 காருக்குத்தான் பொருந்தும். தோற்றத்திலோ நீங்கள் மன்னிப்பது அதையே. இதைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. கண்ணும் காதும் ஒரே காரில் வெவ்வேறு மரபைத் தேடுகின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

இருக்கைவாசி:

இதுவரை யாரும் உள்ளே அமர்ந்து பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். ஒரு ஸ்டிங்ரேயில் ஓட்டுநர் பக்கமும் அடுத்த பக்கமும் நீண்ட நேரம் அமர்ந்து பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் இருக்கையில் முதலில் மனத்தைத் தொடுவது முன்பார்வை. பானெட் தாழ்ந்து சரிவதால், சாலை கால்விரலுக்கு அருகிலேயே தொடங்குவது போல் இருக்கிறது. முன்சக்கரங்கள் எங்கே இருக்கின்றன என்பதை ஃபெண்டர்களின் இரண்டு மேடுகள் காட்டிக்கொடுக்கின்றன. நீள்பானெட் இழந்ததாகச் சொல்லும் அந்த நீண்ட முன்பகுதிக்குப் பின்னாலிருந்து எந்த ஓட்டுநருக்கும் இந்தப் பார்வை கிடைத்ததில்லை.

அடுத்த இருக்கையிலிருந்து பார்த்தால் கதை வேறு. குளிரூட்டும் பொத்தான்கள் அனைத்தையும் ஒரே வரிசையாக, இரு இருக்கைகளுக்கும் நடுவே மேலேறும் ஒரு மதில்மேல் அடுக்கியிருந்தார்கள். ஓட்டுநர் போர்விமானத்தில் இருப்பதுபோல் உணர வேண்டும் என்பது நோக்கமாக இருக்கலாம். அருகில் அமர்ந்தவருக்கோ தன்னை வேலி போட்டு ஒதுக்கியதுபோல் இருக்கிறது. பொத்தான்கள் சிறியவை, ஒன்றுபோலவே இருப்பவை. ஓட்டிக்கொண்டே விரலால் தடவிக் கண்டுபிடிப்பது கடினம். 2026ஆம் ஆண்டு மாதிரியில் அந்த மதிலை நீக்கி, நடுவில் 12.7 அங்குலத் திரை, ஓட்டுநருக்கு 14 அங்குலத் திரை, அவருக்கு இடப்புறம் 6.6 அங்குலத்தில் ஒரு சிறு திரை என்று மாற்றிவிட்டார்கள். வடிவமைப்பில் ஒரு முடிவு தவறு என்றால் அதைத் திருத்த ஆறு ஆண்டு ஆகியிருக்கக் கூடாது, ஆனாலும் திருத்தினார்கள்.

முன்பகுதியைத் தூக்கும் ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். மேடான இடங்களில் பம்பர் உராயாமலிருக்க முன்பகுதி ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் உயர்கிறது. அந்த இடத்தை ஒருமுறை நினைவில் வைக்கச் சொன்னால், அடுத்த முறை செயற்கைக்கோள் வழிகாட்டுதலைக் கொண்டு தானாகவே உயர்ந்துகொள்கிறது. இப்படி 1,000 இடங்களை அது நினைவில் வைத்திருக்கும். தாழ்ந்த மூக்கை வரைந்த வடிவமைப்பாளர் அந்தத் தாழ்வை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதற்காகப் பொறியாளர் செய்துகொடுத்த உதவி அது.

மூன்றாம்பெடல்:

பற்சக்கரம் காட்டிய முதுகெலும்புக் காரணம் எனக்குப் புதியது. துளையிட்டால் சேஸி தளரும் என்றால், இந்தக் காரில் மேனுவல் கேட்பது நியாயமில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். என் ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு ஏழாம் தலைமுறைக் காரைத் தேடிப்போவேன்.

வரைபலகை:

பேச்சு பின் கண்ணாடியைத் தொட்டதால் ஒன்றை நினைவூட்டுகிறேன். ஸ்டிங் ரே என்று அழைக்கப்பட்ட 1963ஆம் ஆண்டு கார்வெட்டின் பின் கண்ணாடி நடுவில் ஒரு பட்டையால் இரண்டாகப் பிரிந்திருந்தது. வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் அதை உயிராக நேசித்தார். டன்டோவுக்கோ அது பின்பார்வையை மறைக்கும் தொல்லை. 1964இலேயே அந்தப் பட்டை போய்விட்டது, டன்டோவின் கட்சி வென்றது. 2024 ஜூலையில் காட்டப்பட்ட, 1,064 குதிரைத்திறன் கொண்ட புதிய இசட்ஆர்1 காரில் அதே பட்டை கார்பன் இழையில் திரும்ப வந்தது. இம்முறை அதற்கு ஒரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள்: இரட்டை டர்போ எஞ்சினின் வெப்பத்தை வெளியேற்ற அது உதவுகிறது. மிட்செலின் கோடு டன்டோவின் எஞ்சினுக்கு மேல் ஓடுகிறது என்று முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

நீள்பானெட்:

அந்தப் பட்டை ஓடும் இடத்தை இன்று மீண்டும் படங்களில் பார்த்தேன். கூரையில் தொடங்கி, எஞ்சினுக்கு மேலாக, நான் கனத்தது என்று குறை சொன்ன அதே வாலை நோக்கி அது இறங்குகிறது. குட்டையான வாலாக இருந்திருந்தால் அந்தக் கோட்டுக்கு ஓட இடமே இருந்திருக்காது. ஸ்டிங்ரேயின் மூலைக் குழல்களை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. இசட்ஆர்1 காரையும், நடுவில் குழல்கள் கொண்ட இசட்06 காரையும் கார்வெட் என்று அழைப்பதில் எனக்கு இப்போது தயக்கம் இல்லை.